ரீச்சரைக் கேளுங்கள்: காட்டுக்குள்ளே ஒரு போத்தல் தண்ணீர்

சென்ற இதழில் மீமுரேப் பயணத்துக்கு என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று எழுதியிருந்தேன். கூடாரம், அட்டை கடிக்காத காலுறை, டோர்ச், அரிசி, கருவாடு வரை சொன்னேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், நான் சொல்லாமல் விட்ட ஒன்றைப் பற்றியே கேட்கின்றன. ஒருவர்கூட அதைப் பெயர் சொல்லிக் கேட்கவில்லை. "அந்த விஷயம்" என்கிறார் ஒருவர். "காலைக்கடன்" என்கிறார் இன்னொருவர். "அவசரம் வந்தால்" என்று எழுதி மூன்று புள்ளி வைத்திருக்கிறார் ஒரு தங்கச்சி. முப்பத்தொரு வருடம் உயிரியல் படிப்பித்தவள் நான், வெட்கப்படும் வயதும் தாண்டிவிட்டது. ஆகவே இந்த முறை முழுப் பக்கமும் கக்கூஸ் இல்லாத இடத்தில் வெளிக்குப் போவதைப் பற்றித்தான். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பவர்கள் குடித்து முடித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: ரீச்சர், நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன், வயது 27. அலுவலக நண்பர்களோடு மூன்று நாள் நக்கிள்ஸ் மலைப் பக்கம் போகிறோம். எல்லோரும் டொய்லட் பேப்பரும் வெட் டிஷ்யூவும் வாங்கச் சொல்கிறார்கள். எனக்குத் தண்ணீர் இல்லாவிட்டால் சுத்தமானதாகவே தோன்றுவதில்லை. போன தடவை பேப்பரோடு போய் இரண்டாம் நாளே நடக்க முடியாத எரிவு. மற்றவர்கள் சிரிக்காத மாதிரி ஒரு வழி சொல்லுங்கள்.

ரீச்சர்: தம்பி, உங்கள் கடிதத்தை வாசித்ததும் முதலில் சிரிப்பும் அப்புறம் கொஞ்சம் கோபமும் வந்தது. கோபம் உங்கள்மேல் இல்லை. பிறந்த நாளிலிருந்து தண்ணீரில் கழுவி வளர்ந்த பிள்ளை, கூடாரம் வாங்கிய கையோடு கடதாசிக்கு மாறவேண்டும் என்று யார் சொன்னது? நீங்கள் பார்க்கும் முகாம் வீடியோக்கள் துடைக்கிற நாடுகளிலிருந்து வருகின்றன, அவ்வளவுதான். அங்கேயே இப்போது போத்தல் வாயில் பூட்டி, தண்ணீர் பீச்சிக் கழுவுகிற சின்ன பிடே மூடி விற்கிறார்கள். பேப்பர் சுமக்க விரும்பாத மலையேறிகள் அதைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். அம்மம்மாவின் செம்பு கப்பலேறிப் போய் பிளாஸ்டிக் மூடியாகத் திரும்பி வந்திருக்கிறது.

எரிவு ஏன் வருகிறது என்றால், வியர்வை, அது காய்ந்து விடும் உப்பு, துடைத்தும் போகாத மிச்சம், ஈரம் காயாத பருத்தி உள்ளாடை எல்லாம் சேர்ந்து ஒவ்வோர் அடிக்கும் தோலை அராவுகின்றன. காய்ந்த கடதாசி மிச்சத்தை எடுப்பதைவிடப் பூசுவதுதான் அதிகம். வாசனை போட்ட வெட் டிஷ்யூ என்றால் அந்த வாசனைப் பொருளே புண்ணில் எரியும். தண்ணீரால் கழுவி, ஈரத்தை ஒற்றி எடுத்து, தேங்காய் எண்ணெய் ஒரு துளி தடவினால் நாள் முழுக்க நடக்கலாம். இரவில் உள்ளாடையை மாற்றிவிட்டுப் படுங்கள். இந்த ஒன்றைச் செய்யாதவர்கள்தான் மூன்றாம் நாள் கால்களை அகட்டி நடப்பார்கள்.

போத்தலை வீட்டிலேயே செய்யலாம். கையால் அமுக்கினால் உள்ளே போகிற மெல்லிய 500 மில்லிலீற்றர் சோடாப் போத்தல் ஒன்று எடுங்கள். மூடி இரண்டு வேண்டும். ஒன்று சும்மா மூடி, சுமந்து போக. மற்றதில் ஓர் ஆணியைச் சூடாக்கி ஒரு துளை, நடுவில் இல்லாமல் ஓரமாய், சற்றுச் சரிவாய்ப் போடுங்கள். அமுக்கினால் தண்ணீர் சாய்ந்து பீச்சும். ஒரு தடவைக்கு இந்த அரை லீற்றர் தாராளம். பழகிவிட்டால் பாதியிலேயே வேலை முடியும்.

போத்தலைச் சுற்றி சிவப்பு டேப் ஒட்ட மறக்கவேண்டாம். ரிவர்ஸ்டன் பக்கம் போனபோது நான் ஒட்டவில்லை. ஏறி வந்த களைப்பில் என் சக ஆசிரியை ஒருவர் அந்தப் போத்தலை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டு, "ரீச்சர், மூடியில என்ன ஓட்டை?" என்று கேட்டார். சுத்தமான தண்ணீர்தான், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அடுத்த இரண்டு நாளும் அவர் என்னிடம் எதையும் வாங்கிக் குடிக்கவில்லை.

இனிக் குழி. பூச்சாடிக்கு மண் கிளறுகிற கைமண்வெட்டி போதும். பழைய சோனகத் தெருவில் எந்த இரும்புக் கடையில் கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். ஆழம் 15 முதல் 20 சென்றிமீற்றர், அகலம் 10 முதல் 15 சென்றிமீற்றர். அளவுகோல் தேவையில்லை. நடுவிரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை உங்கள் கை நீளந்தான் ஆழம். ஆழமாய்த் தோண்டினால் நல்லது என்று நினைத்து முழங்கை வரை தோண்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மலத்தைத் தின்று மண்ணாக்கும் நுண்ணுயிர்கள் மேல்மண்ணில்தான் குடியிருக்கின்றன. அவற்றுக்குக் கீழே புதைத்தால் அது அப்படியே கிடக்கும். மேலாகப் புதைத்தால் மழை இழுத்துக்கொண்டு போகும், காட்டுப்பன்றி கிளறும்.

குந்துமுன் எல்லாவற்றையும் திறந்து வலப்பக்கம் வையுங்கள். துளை மூடி பூட்டிய போத்தல், கண்மருந்துக் குப்பி அளவில் திரவச் சவர்க்காரம், சின்னத் துணி. பாதி வேலையில் இடக்கையால் பையின் சிப்பைத் திறக்க நேர்ந்தால் இந்தப் பாடம் முழுவதும் வீண். முதலில் கை படாமல் தண்ணீரை மட்டும் பீச்சுங்கள், பெரும்பகுதி அதிலேயே போய்விடும். பிறகு இடக்கை. விழும் தண்ணீர் எல்லாம் அதே குழிக்குள் விழட்டும். ஒற்றி எடுத்த துணியைப் பைக்குள் திணிக்காமல் வெளிப்புறம் குத்தி வையுங்கள், வெயில் படும். தோண்டின மண்ணைத் தள்ளி மூடி, மேலே சருகைப் பரப்பிவிட்டு எழும்புங்கள். மண்வெட்டி மண்ணைத் தவிர வேறெதையும் தொடக்கூடாது.

நாங்கள் சின்னப் பிள்ளைகளாய் இருந்தபோது வடமராட்சியில் வீட்டுக்கு வீடு கக்கூஸ் இல்லை. செம்போடு வடலிக்குள்தான் போவோம். மூடாமல் வந்தால் அம்மம்மா திருப்பி அனுப்புவா. "பூனைகூட மண்ணைத் தள்ளி மூடிப்போட்டுப் போகுது, உனக்கென்ன?"

இவ்வளவும் எல்லோரும் செய்துவிடுவார்கள். தோற்பது கடைசியில், கையில். சவர்க்காரம் போட்டு, விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்து 20 வினாடி கழுவவேண்டும். போத்தலில் இதற்கென்று கொஞ்சம் மிச்சம் பிடியுங்கள். கைக்குத் தடவும் ஜெல் மட்டும் போதாதா என்று கேட்பீர்கள். 60 சதவீதத்துக்குக் குறையாத அல்ககோல் உள்ள ஜெல் நல்லதுதான், ஆனால் அழுக்கு ஒட்டிய கையில் அது சரியாக வேலை செய்யாது. வயிற்றோட்டம் தருகிற சில கிருமிகள், நோரோ வைரஸ் போன்றவை, ஜெல்லுக்கு அவ்வளவாய் மசிவதில்லை. முதலில் சவர்க்காரம், மேலதிகமாய் வேண்டுமானால் ஜெல்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. ஒரு முறை பதினாலு பிள்ளைகளோடு மலையடிவாரத்தில் முகாம். தண்ணீர் தூக்கிவரச் சோம்பலில், "ஜெல் போட்டால் போதும், பிள்ளைகள்" என்று நானே சொன்னேன். மாலையில் தேங்காய் ரொட்டிக்கு மாப் பிசைந்தது அந்தக் கைகளில் ஒன்றுதான். இரவு இரண்டு மணிக்கு முதல் பிள்ளை எழும்பியது, விடியும்போது ஒன்பது பேர். கையில் இருந்த, வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் ஜீவனிப் பக்கற்றுகளைக் கொதித்தாறிய தண்ணீரில் கரைத்துக் கரண்டி கரண்டியாய்ப் பருக்கிக்கொண்டு, கீழே வான் வரும் பாதையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். ஒரு பெற்றோரும் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அதற்குப் பிறகு எந்த முகாமிலும் கூடாரம் அடிப்பதற்கு முன் கை கழுவும் இடந்தான். கைபிடியில் ஒரு குறுக்குத் தடி கோத்துத் தொங்கவிட்ட ஐந்து லீற்றர் கானின் கழுத்துக்குக் கீழே ஆணியால் ஒரு துளை, கழுத்தில் ஒரு கயிறு, கயிற்றின் நுனியில் மிதிக்க ஒரு தடி. மிதித்தால் கான் சரிந்து ஊற்றும், காலை எடுத்தால் நிற்கும். கானை யாரும் கையால் தொடுவதே இல்லை. ஸிம்பாப்வேயில் உருவான உபாயம் இது. சவர்க்காரத்தைப் பழைய காலுறைக்குள் போட்டுப் பக்கத்தில் தொங்கவிட்டால் மண்ணில் விழாது.

நண்பர்கள் சிரிப்பார்களா என்றால், சிரிக்கட்டும். இரண்டாம் நாள் மத்தியானம் உங்கள் போத்தலை இரவல் கேட்பார்கள். கொடுக்காதீர்கள், இன்னொன்று செய்து கொடுங்கள்.

கேள்வி: மகன் சாரணர் முகாமுக்குப் போகிறான். நான் மூன்று பக்கற் வெட் டிஷ்யூ வாங்கி வைத்திருக்கிறேன். கழிப்பறையில் போடலாம் என்று பக்கற்றிலேயே எழுதியிருக்கிறது. அப்படியென்றால் புதைக்கலாந்தானே? (கொட்டாஞ்சேனை அம்மா)

ரீச்சர்: புதைக்க முடியாது. துணி மாதிரி கிழியாமல் வருகிறதே, பலவற்றில் அது பொலியெஸ்டர் இழை. பிளாஸ்டிக். மகனுக்குக் கல்யாணமாகி அவன் பிள்ளை அதே இடத்தில் முகாம் போட்டாலும் அங்கேயே கிடக்கும். மக்கும் என்று எழுதியிருப்பதும் கைநீளக் குழிக்குள் கெதியாய் மக்காது. எரிக்கவும் விடாதீர்கள். ஈரம் எரியாமல் கருகி நாறும். காய்ந்த பத்தனைப் புல்லில் ஒரு பொறி விழுந்தால் மலைச்சரிவு முழுவதும் போகும்.

மூன்று பக்கற்றில் ஒன்றை மட்டும் கொடுத்துவிடுங்கள், காய்ச்சல் கீய்ச்சல் வந்தால் உடம்பு துடைக்க உதவும். பாவித்ததை ஸிப் பூட்டுள்ள பையில் போட்டு, அதை ஒரு கறுப்புப் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். பேப்பருக்கும் இதே சட்டம். அது மக்கும் என்றாலும், மக்குமுன் ஏதாவது மிருகம் கிளறி வெளியே போட்டுவிடும். இலை பறித்துத் துடைக்கலாம் என்று எந்தச் சாரணத் தம்பியாவது சொல்லிக்கொடுத்தால் மகனை எச்சரித்து வையுங்கள். காஞ்சொறியையும் மற்றச் செடியையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத வயது அது.

கேள்வி: தெஹிவளையிலிருந்து எழுதுகிறேன். பக்கத்திலேயே ஆறு ஓடும்போது போத்தல் எதற்கு ரீச்சர்? ஊரில் நாங்கள் குளத்தடியில் இருந்துவிட்டுக் குளத்திலேயே கால் கழுவித்தானே வளர்ந்தோம்? ஓடுகிற தண்ணீரில் அழுக்குத் தங்காது என்று அப்பா சொல்வார்.

ரீச்சர்: அப்பா சொன்னதை மறுத்துப் பேசுவது எனக்கும் சங்கடந்தான். தங்காது, உண்மை. அடுத்தவரின் கேத்தலுக்குப் போகும்.

நம்மிடம் இரண்டு பழக்கம் ஒன்றாய் ஒட்டிக் கிடக்கின்றன. தண்ணீரால் கழுவுவது ஒன்று, தண்ணீருக்குள்ளே கழுவுவது மற்றது. முதலாவதுக்கு நான் கைதட்டுவேன். இரண்டாவதை விடத்தான் வேண்டும். கதிர்காமப் பாத யாத்திரையில் ஒரு வருடம் நடந்தேன். உகந்தை முருகன் கோயிலில் கும்பிட்டுவிட்டுக் காட்டுக்குள் இறங்கினால் எல்லாத் தண்ணீரும் ஆற்றுத் தண்ணீர்தான். கும்புக்கன் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் அள்ளி, அடியார்கள் எவ்வளவு பயபக்தியோடு குடித்தார்கள்! விடியற்காலையில் அதே மணலில், பத்தடி தள்ளி, மூடாமல் விட்டுப்போன அடையாளங்களையும் பார்த்தேன். மணல் வடிகட்டும் என்று நம்புகிறோம். பத்தடி மணலால் நெருப்புக் காய்ச்சலையும் செங்கமாரியையும் வடிகட்ட முடியாது.

ஆகவே ஆறு, ஓடை, குளம், பாதை, கூடாரம் எதிலிருந்தும் 60 மீற்றர் தள்ளிப் போங்கள். பெரியவர் நடையில் எழுபது எண்பது எட்டு. எண்ணிக்கொண்டே போங்கள், அவசரத்தில் இருபது எட்டே எழுபதாய்த் தெரியும். சவர்க்காரத் தண்ணீரையும் அங்கேயே மண்ணில் ஊற்றுங்கள். மக்கும் சவர்க்காரம் என்று விற்கிறார்களே, அதுவும் மக்குவதற்கு மண் வேண்டும், ஆற்றுக்குள் ஊற்றுவதற்கு அனுமதிச் சீட்டு இல்லை அது.

கொழும்புக்காரருக்கு இன்னொன்று சொல்லவேண்டும். களனி ஆறு சிவனொளிபாத மலைப் பக்கத்திலிருந்து இறங்கி வருகிறது. ஹோர்ட்டன் சமவெளியிலிருந்து மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் நீர் போகிறது. அந்தக் களனி ஆற்றைத்தான் அம்பத்தலையில் மறித்துச் சுத்திகரித்துக் கொழும்புக் குழாய்களுக்கு அனுப்புகிறார்கள். அவர்கள் சுத்திகரிக்கிறார்கள், பயப்படாதீர்கள். இருந்தாலும் மலையில் ஓடையோரம் குந்துகிற கொழும்புக்காரர் தன் வீட்டுத் தண்ணீர்த் தாங்கியின் மேல் குந்துவதாக நினைத்துக்கொள்ளலாம்.

ஆறு உங்களுக்குச் செய்யக்கூடியதும் உண்டு. எலிக்காய்ச்சல் கிருமி எலி, மாடு, எருமையின் சிறுநீரில் வந்து, தேங்கிய நீரிலும் சேற்றிலும் இருந்து, தோலில் உள்ள கீறல் வழியாக உடம்புக்குள் போகும். நடந்து உரசிப் புண்ணான இடத்தை வயலோரக் குட்டையில் கழுவுவது அதற்குக் கதவு திறந்து விடுவதுதான். காட்டிலிருந்து வந்து இரண்டு வாரத்துக்குள் கடும் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், பனடோல் போட்டுக்கொண்டு படுத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், "காட்டில் தண்ணீருக்குள் இறங்கினேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்த ஒரு வசனம் வைத்தியருக்குப் பாதி வழி காட்டும்.

கழுவுகிற தண்ணீரை ஓடும் இடத்தில் எடுத்தால் போதும். கை கழுவவும் குடிக்கவும் கொதிக்க வைத்ததுதான். பொங்கிக் கொதிக்க ஆரம்பித்ததிலிருந்து 1 நிமிடம், ஹோர்ட்டன் சமவெளி மாதிரி 2,000 மீற்றருக்கு மேலே என்றால் 3 நிமிடம்.

கேள்வி: அன்ரி, நான் பல்கலைக்கழக மாணவி. நண்பிகளோடு நான்கு நாள் நடைப்பயணம். சரியாக அந்த நாட்களில் எனக்கு மாதவிடாய் வரும். போகாமல் விடவா?

ரீச்சர்: போங்கள் மகள். என் முதல் சிவனொளிபாத மலை ஏற்றமே அந்த நாளில்தான். யாரிடமும் சொல்லவில்லை, மலையும் கேட்கவில்லை.

நப்கின் பாவிப்பதானால் ஒன்றையும் புதைக்கவோ நெருப்பில் போடவோ வேண்டாம், அதிலும் பிளாஸ்டிக் இருக்கிறது. சுருட்டி, பேப்பரில் சுற்றி, வெளியே தெரியாத ஸிப் பையில் போட்டு, உள்ளே இரண்டு கரண்டி காய்ந்த தேயிலைத் தூள் கொட்டி வையுங்கள். மணம் அமுங்கும். மாதவிடாய்க் கப் (இரத்தத்தைச் சேர்க்க உள்ளே வைக்கும் சின்னக் கிண்ணம்) பாவிக்கப் பழகியிருந்தால் இன்னும் சுகம், 12 மணித்தியாலம் வரை உள்ளே இருக்கலாம். காலையும் மாலையும் குழிக்குள் ஊற்றி, குடிக்கிற தண்ணீரால் கழுவித் திரும்ப வைக்கலாம். கையைப் பிறகு கழுவுவது எல்லோருக்கும் தெரியும். கப்பைத் தொடுமுன் கழுவுவதுதான் முக்கியம். ஆனால் பயணத்தில் முதல் தடவையாய்ப் பரீட்சித்துப் பார்க்காதீர்கள். வீட்டில் இரண்டு மாதம் பழகிவிட்டுக் கொண்டுபோங்கள்.

எப்போதும் முன்னாலிருந்து பின்னுக்குக் கழுவுங்கள். பின்னாலிருந்து முன்னுக்குக் கொண்டுவந்தால் குடலிலுள்ள கிருமி சிறுநீர்ப் பாதைக்குப் போகும். பெண் பிள்ளைகள் காட்டில் செய்யும் இன்னொரு பிழை, வெளியே போக வெட்கப்பட்டுத் தண்ணீரே குடிக்காமல் இருப்பது. மூன்றாம் நாள் சிறுநீர் எரிவோடு இறங்கி வந்த பிள்ளைகள் எத்தனை பேரைப் பார்த்துவிட்டேன். ஒரு பெரிய சீத்தைத் துணியைக் கொண்டுபோங்கள். இரண்டு பேர் பிடித்தால் அதுவே சுவர். அம்மாவின் பழைய ஹவுஸ்கோட் ஒன்றும் கொண்டுபோனால் அதைப் போட்டுக்கொண்டு குந்தலாம். அழகில்லைதான், காட்டில் யார் பார்க்கிறார்கள்?

கேள்வி: வணக்கம் ரீச்சர். தெமட்டகொடையிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்குத் தொழுகைக்கு உடுப்பும் உடம்பும் சுத்தமாக இருக்கவேண்டும். தண்ணீர் குறைவான இடத்தில் என்ன செய்வது?

ரீச்சர்: மார்க்கத் தீர்ப்பை மௌலவியிடம் கேளுங்கள் தம்பி, உயிரியல் ரீச்சரிடம் அல்ல. என்னோடு படிப்பித்த ஒரு முஸ்லிம் ரீச்சர் சொன்னது நினைவிருக்கிறது: தண்ணீர் எடுக்கும் இடம், மக்கள் நடக்கும் பாதை, ஆட்கள் ஆறியிருக்கும் நிழல், இந்த மூன்றிலும் மலசலம் கழிக்கக்கூடாது என்று நபிமொழி உண்டாம். நான் மேலே எழுபது எட்டு என்று நீட்டி முழக்கியதை அவர் மூன்று சொல்லில் முடித்துவிட்டார். செய்முறையில் உங்களுக்கு உதவுவது துளை மூடிதான், தெறிப்பது குறையும். சரிவான நிலம் என்றால், தண்ணீர் வழியும் பக்கத்தில் கால் படாதபடி பார்த்துக் குந்துங்கள். சாரத்தை மாற்றிவிட்டுப் போவதும் வசதி.

கேள்வி: வில்பத்துவில் முகாம் போட இடம் பதிவு செய்திருக்கிறோம். இரவில் அவசரம் வந்தால் 60 மீற்றர் எப்படிப் போவது? யானை, சிறுத்தை, கரடி எல்லாம் இருக்கிறதே? (மட்டக்குளி வாசகர்)

ரீச்சர்: போகக்கூடாது. தேசியப் பூங்காவில் குறித்துக் கொடுத்த முகாம் இடத்தைவிட்டு நடப்பதற்கே அனுமதியில்லை, பகலிலும். காவலுக்கு வரும் உத்தியோகத்தரிடம் போய்ச் சேர்ந்தவுடன் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள். கக்கூஸ் இருந்தால் அதுதான். இல்லையென்றால் அவர் காட்டும் பக்கத்தில், ஆற்றுக்கு எதிர்த் திசையில், வெளிச்சம் இருக்கும்போதே ஆளுக்கொரு குழி தோண்டி, பக்கத்தில் ஒரு தடி நட்டு வையுங்கள். இருட்டில் போனால் இரண்டு பேராய்ப் போங்கள், ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு டோர்ச் பிடிக்கட்டும். சப்பாத்து போடாமல் இறங்கவேண்டாம். குந்தும் இடத்தைத் தடியால் தட்டி, வெளிச்சம் அடித்துப் பாருங்கள், விரியன் சருகு நிறத்தில்தான் கிடக்கும்.

சிறுநீருக்கு ஆண்கள் கூடாரத்துக்குள் வாய் அகன்ற போத்தல் ஒன்று வைத்துக்கொள்வது உத்தமம். அதிலும் டேப் ஒட்டுங்கள், வேறு நிறத்தில்.

கேள்வி: எனக்குப் பிரச்சினை எதிர்மாறு. காட்டுக்குப் போனால் மூன்று நாளும் வருவதே இல்லை.

ரீச்சர்: வெட்கம் வயிற்றைப் பூட்டிவிடுகிறது. எல்லோரும் எழும்புமுன் எழும்பி, சுடுதண்ணீர் ஒரு கோப்பை குடித்துவிட்டு, தனியே நடந்து போய்ப் பத்து நிமிடம் இருங்கள். பிஸ்கட்டும் நூடில்ஸும் மட்டும் கொண்டுபோகாமல் கதலி வாழைப்பழம் ஒரு சீப்புத் தூக்கிக்கொண்டு போங்கள். மூன்று நாளில் பெரிதாய் ஒன்றும் ஆகிவிடாது.

கேள்வி: எங்கள் ஆறு வயது மகளை முதல் தடவையாக பெலிஹுல்ஓயாவுக்குக் கூடாரத்தோடு கூட்டிப்போகிறோம். அவளுக்கு வீட்டில் கொமட்டைத் தவிர வேறு பழக்கமில்லை. குந்தினால் பின்பக்கமாய் விழுகிறாள். என்ன செய்வது? (பம்பலப்பிட்டி)

ரீச்சர்: உங்கள் மகள் மட்டுமில்லை. கொழும்பு மாடிவீடுகளில் வளரும் பிள்ளைகள் பாதிப் பேருக்குக் குதிக்கால் நிலத்தில் பதியக் குந்தத் தெரியாது. பயணத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போதே தொடங்குங்கள். முதலில் குதிக்காலுக்குக் கீழே இரண்டு புத்தகம் வைத்துக் குந்தவிடுங்கள், நாளுக்கு நாள் புத்தகத்தைக் குறையுங்கள். படம் கீறும்போதும் பட்டாணி உரிக்கும்போதும் குந்தட்டும். காட்டில் முதல் தடவை நீங்கள் முன்னால் குந்தி இரண்டு கையையும் பிடித்துக்கொள்ளுங்கள், அல்லது ஒரு மெல்லிய மரத்தைப் பிடிக்கச் சொல்லுங்கள். மரத்தில் முசுறு ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான். குழியை அவளையே தோண்ட விடுங்கள். தான் தோண்டின குழி என்றால் பயம் பாதி போய்விடும்.

என் பேத்தியைப் போன வருடம் இப்படித்தான் பழக்கினோம். பெல்கனியில் பூச்சாடி மண்ணில் குழி தோண்டப் பழகினாள், குளியலறையில் துளை மூடிப் போத்தலால் பீச்சப் பழகினாள். முதல் நாள் கூரை நனைந்தது. மூன்றாம் நாள் குறி பிழைக்கவில்லை. முகாமில் முதல் காலை, கைமண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு காட்டுக்குள் போனவள் திரும்பி வந்து கேட்டாள்: "அம்மம்மா, எழுபது எட்டு எண்ணினேன். ஆனால் என்ர கால் சின்னது. இன்னும் எழுபது எண்ணவா?"

எண்ணச் சொன்னேன். நானும் கூடப் போனேன்.